பால் பதம்னா எந்தப் பால்? (அக்ரிலிக் கலக்குறது பத்தி)

ரங்கூன்காரன்:
மாடல் விமானத்துக்கு ஏர்பிரஷ்ல (காத்தழுத்தத்துல பெயிண்ட்ட பீச்சுற பேனா) அடிக்கிறதப் பத்தி முந்தாநேத்து பெகூ_தூரிகை இங்க எழுதுனத அப்படியே போடுறேன். "அக்ரிலிக்னா தண்ணி பெயிண்ட். எந்தக் கம்பெனியா இருந்தாலும் தண்ணியோ ஸ்பிரிட்டோ ஊத்தி பால் பதத்துக்குக் கொண்டுவா, அடி, முடிஞ்சது." இத நம்பி எங்க அக்கா மகன் வலேஹோ கம்பெனி அக்ரிலிக்க ஏர்பிரஷ் கப்புல பதினஞ்சு சொட்டு விட்டு, மேல 70 சதவீத ஸ்பிரிட்ட (ஆல்கஹால்) ஊத்திருக்கான். கலக்கவே இல்ல, பால் திரிஞ்ச மாதிரி திரிஞ்சுபோச்சு. குச்சிய விட்டுத் தூக்குனா ரப்பர் மாதிரி நூல் நூலா வருது. அது பெயிண்ட் வெளிய வர்ற 0.3 மி.மீ. மூக்கு, அதான் நாசில், அதுக்குள்ள போய் இறுகி, ஊசிய உருவவே முடியல. அந்த ஏர்பிரஷ் பாங்காக் போன ஆள்கிட்ட சொல்லி விட்டு ஆறு மாசம் காத்திருந்து வாங்குனது. எழுதுறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

பெகூ_தூரிகை:
அண்ணே, வணக்கம் கூட இல்ல, நேரா அடி. நான் டாமியா கம்பெனி பெயிண்ட்ட மனசுல வச்சு எழுதுனேன். டாமியா எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை ரெண்டுமே ஆல்கஹால்ல கரையற பெயிண்ட், அவங்களோட எக்ஸ்-20ஏ தின்னர் (பெயிண்ட்ட இளக்குற திரவம்) இல்லாதப்ப நான் ஸ்பிரிட்தான் ஊத்துறேன், ஒரு நாள் கூட திரிஞ்சதில்ல. உங்க மருமகன் பாட்டில்ல என்ன எழுதிருக்குனு பாக்காம ஊத்துனா அதுக்கு நான் பொறுப்பா?

ரங்கூன்காரன்:
"எந்தக் கம்பெனியா இருந்தாலும்"னு எழுதுனது யாரு? இப்ப வந்து மனசுல வச்சேன்னா நாங்க உங்க மனசுக்குள்ள எட்டிப் பாக்கவா முடியும். சரி, அத விடுறேன். பால் பதம்னீங்களே, எந்தப் பால்? நம்ம ஊர்ல பால்னாலே பாதிப் பேருக்கு டின் பால்தான். டீக்கடையில ச்சோ செயின் (டின் பால் ஊத்துன இனிப்பு பர்மா டீ) கேட்டா ஊத்துறானே, கரண்டிய விட்டா இறங்கவே மாட்டேங்குதே, அந்தப் பாலா? புதுசா வர்ற பையன் அந்தப் பதத்துல கலக்கினா துப்பிக்கிட்டுதான் வரும்.

மோல்மேன்_48:
பால்னா கறந்த பால்தான், இதுல என்ன சந்தேகம்.

ரங்கூன்காரன்:
கறந்த பால்னா எருமைப் பாலா பசும்பாலா? எருமைப் பால் எவ்வளவு கெட்டினு உங்களுக்குத் தெரியாதா?

கமாயூட்_அக்கா:
தம்பிங்களா, பால விடுங்க. கப்ப லேசா சாய்ச்சுப் பாருங்க. பெயிண்ட் பக்கச் சுவர்ல ஏறி உடனே வழிஞ்சு இறங்கணும், இறங்குன இடத்துல மெல்லிசா ஒரு சாயம் நிக்கணும். சாயமே நிக்கலனா தண்ணியாப் போச்சு, திட்டா நின்னா இன்னும் கெட்டி. டாமியாவுக்கு நான் ஒரு பங்கு பெயிண்ட்டுக்கு ரெண்டு பங்கு தின்னர், காத்தழுத்தம் 15 பிஎஸ்ஐ. வலேஹோவுக்கு அவங்களோட தின்னர் மட்டும்தான், ஸ்பிரிட் பக்கமே போகமாட்டேன். இந்த அளவுதான் பதம்னு இல்ல, வெள்ளைக்கு ஒரு கை, கறுப்புக்கு ஒரு கை.

ரங்கூன்காரன்:
அக்கா சொல்றது சரிதான், அதத்தான் நானும் சொல்றேன். அப்ப பால்னு எதுக்கு எழுதணும்? நான் கேட்டதுக்கு பெகூ இன்னும் பதில் சொல்லல. எந்தப் பால்?

பெகூ_தூரிகை:
அண்ணே நீங்க கேக்குறது பால பத்தி இல்ல, போன வருஷம் மேசையில வச்சப்ப உங்க ஹரிக்கேன் விமான மாடலோட மேல்தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்துச்சுனு நான் சொன்னேன்ல, அது இன்னும் உள்ளயே கிடக்கு. கெட்டியா அடிச்சா அப்படித்தான் வரும், இல்ல தூரத்துல வச்சு அடிச்சாலும் காத்துலயே காஞ்சு போய் ஒட்டும். ரெண்டுல எது உங்களுதுனு நான் கேக்கவே இல்லையே.

ரங்கூன்காரன்:
மழையில கம்ப்ரஸர் தண்ணி துப்புச்சுனு அப்பவே சொன்னேன். ஜூலை மாசம், அதுல தண்ணி பிடிக்கிற கிண்ணமும் இல்ல, நடுவுல கரண்ட்டும் போச்சு. நீங்க எத்தன தடவ அத எடுப்பீங்க?

தாட்டோன்_பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் மிஸ்டர் கலர் பெயிண்ட்தான் அடிக்கிறேன், அதுவும் அக்ரிலிக்தான். அதுக்குனு வர்ற லெவலிங் தின்னர் ஊத்துனா கண்ணாடி மாதிரி உக்காரும். நீங்க ஏன் இந்தத் தண்ணி பெயிண்ட்ட வச்சு சண்ட போடுறீங்க.

மோல்மேன்_48:
பாய், அது லாக்கர், தண்ணியில கலக்காது, காட்டமான தின்னர்லதான் கரையும். நாத்தம் வீட்டையே தூக்கும், மாஸ்க் இல்லாம அடிக்காதீங்க. அதோட நம்ம மழக்காலத்துல லாக்கர் அடிச்சா மேல வெள்ளையா பூத்துப்போகும், ஈரம் உள்ள உக்காந்துரும்.

தாட்டோன்_பாய்:
உள்ள இருக்கிற பிசின் அக்ரிலிக்தானே. அக்ரிலிக்னா அக்ரிலிக்தான். நான் காலையில பத்து மணிக்கு மேல வெயில் பாத்து அடிக்கிறேன், எனக்குப் பூக்கல.

ரங்கூன்காரன்:
பாத்தீங்களா, "அக்ரிலிக்னா தண்ணி பெயிண்ட்"னு சொன்னதோட வினை. பாய் பாட்டில்ல தண்ணி ஊத்துனா என்ன ஆகும்? பெகூ, பதில் சொல்லுங்க. அதையும் பால் பதத்துக்குக் கொண்டுவரலாமா?

பெகூ_தூரிகை:
அண்ணே உங்க வீட்டுப் பால் திரிஞ்சதுக்கு ஊர்ல உள்ள மாட்டையெல்லாம் திட்டாதீங்க. நான் வேலைய காமிக்கிறேன், நீங்க பேச்ச காமிங்க. படம் போட்டிருக்கேன் பாருங்க, 1:48 அளவுல ஸ்பிட்ஃபயர் எட்டு, ஆங்கிலேயர் போர் விமானம், நம்ம பர்மா மேல பறந்தது. பச்சைக்கு டாமியா எக்ஸ்எஃப்-81, மண் நிறத்துக்கு எக்ஸ்எஃப்-52, ரெண்டும் ஸ்பிரிட்ல கலந்தது. எங்க திரிஞ்சிருக்கு காட்டுங்க.

மோல்மேன்_48:
வேலை சுத்தமா இருக்கு தம்பி, ஆனா ரவுண்டல் (இறக்கையில இருக்கிற வட்டச் சின்னம்) நடுவுல சிவப்பு வட்டம் எதுக்கு? இந்தப் பக்கம் ஜப்பான்காரன் சிவப்பு வட்டத்தோட குழம்பக்கூடாதுனுதான் நடுச் சிவப்ப எடுத்துட்டு ரெண்டு நீலமா போட்டாங்க, வெளிய கருநீலம், உள்ள வெளிர்நீலம்.

பெகூ_தூரிகை:
கிட்டோட வந்த ஸ்டிக்கர் அது. வெளிர்நீலத்துக்கு எங்க போறது.

கமாயூட்_அக்கா:
வெள்ளையில கொஞ்சங்கொஞ்சமா நீலத்த விட்டு நீங்களே கலக்கலாம். நான் என் தண்டர்போல்ட் விமான மாடலுக்கு அப்படித்தான் செஞ்சேன், ஆங்கிலேயப் படை அந்த விமானத்த சண்டைக்கு ஓட்டுனதே இந்தப் பக்கம்தான். முதல்ல ரொம்ப வெளுத்துப்போச்சு, மூணாவது தடவதான் மனசுக்குப் பிடிச்சுது.

ரங்கூன்காரன்:
பர்மா விமானம்னு சொல்லிட்டு சிவப்பு வட்டத்த ஒட்டியிருக்காரு. எங்க தாத்தா 1942ல ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப ரெண்டு பிள்ளைங்கள தோள்ல போட்டுக்கிட்டு காட்டு வழியா நடந்து போனவரு. ஒரு பிள்ளைதான் ஊர் சேந்துச்சு. வானத்துல சத்தம் கேட்டா யாருதுனு பாக்குறதுக்கு முன்னாடி புதருக்குள்ள ஓடணும்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு. அந்த வட்டம் உங்களுக்கு ஸ்டிக்கர், எங்க வீட்டுல அப்படி இல்ல.

பெகூ_தூரிகை:
எங்க வீட்டுல யாரும் நடக்கல, இங்கயே கிடந்து பட்டாங்க. அத நான் சொல்லிக்காட்டுறதில்ல. வட்டம் தப்புனு மோல்மேன் அண்ணன் மரியாதையா சொன்னாரு, கேட்டுக்கிட்டேன். நீங்க தாத்தாவ இழுத்துட்டு வந்து பெயிண்ட் சண்டையில ஜெயிக்கப் பாக்குறீங்க.

ரங்கூன்காரன்:
தாத்தாவப் பத்தி பேசாதீங்க.

தாட்டோன்_பாய்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. மருமகன் ஏர்பிரஷ் என்னாச்சு? லாக்கர் தின்னர்ல ஒரு ராத்திரி நாசில மட்டும் ஊற வைங்க, ரப்பர் வளையத்த முதல்ல கழட்டிருங்க, இல்லனா அது ஊதிப்போகும். பொறுமையா கழட்டணும், நாசில் கழுத்து லேசா முறுக்குனாலே உடையும்.

ரங்கூன்காரன்:
நன்றி பாய். ஊற வச்சிருக்கேன், பாதி வந்திருக்கு. ஆனா இதெல்லாம் வந்ததே அந்த ஒரு வரியாலதான். "எந்தக் கம்பெனியா இருந்தாலும்"ங்கறத அவரு திருத்தட்டும், பால் பதம்ங்கறதையும் எடுக்கட்டும்.

பெகூ_தூரிகை:
எடுக்கமாட்டேன். எங்கிட்ட பழகுன பசங்க எல்லாருக்கும் பால் பதம்னுதான் சொல்லிக்குடுத்தேன், எவனும் எந்தப் பால்னு கேட்டதில்ல.

ரங்கூன்காரன்:
கேட்டிருந்தா என்ன பால்னு சொல்லிருப்பீங்க? அதையாவது எழுதுங்க.

மோல்மேன்_48:
அக்கா, வெளிர்நீலத்துக்கு எந்த நீலம் எடுத்தீங்க, எக்ஸ்எஃப்-8ஆ? எனக்கு அதுல கலந்தா பச்சை அடிக்கிற மாதிரியே தெரியுது.

கமாயூட்_அக்கா:
எக்ஸ்எஃப்-8தான், எனக்குப் பச்சை அடிக்கல. வெள்ளை எது போட்டீங்க?

ரங்கூன்காரன்:
அக்கா, அவரு இன்னும் பதில் சொல்லல.