காசநோயால் மெலிந்த அப்பாவுக்குச் சத்துப் பவுடர்: எப்படிக் கொடுப்பது?

கேள்வி: மேலூர் மகள்

அப்பாவுக்கு வயது 68, நுரையீரல் காசநோய். இந்த மாதம்தான் மாத்திரை தொடங்கினார். உயரம் 160 செ.மீ., எடை 40 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. சோற்றைக் கண்டாலே குமட்டல், நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. மருத்துவர் சத்துப் பவுடர் கொடுக்கச் சொன்னார். எவ்வளவு, எப்போது என்று கேட்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். காலையில் ஒரு டம்ளர் பாலில் கலக்கிக் கொடுக்கிறேன். அதைக் குடித்துவிட்டால் மதியச் சாப்பாடும் வேண்டாம் என்கிறார். டப்பாவின் விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பவுடரையே உணவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உணவியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள்

வேண்டாம் அம்மா. பவுடர் சோற்றுக்குப் பதில் அல்ல, சோற்றுக்கு மேல் கொடுக்க வேண்டியது. டம்ளர் நிறையக் கொடுத்தால் அந்தச் சிறிய வயிறு நிரம்பிவிடும். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, கால் டம்ளராகப் பருகட்டும். மாலையிலும் படுக்கப் போகும்போதும் கொடுத்தால் அடுத்த வேளைப் பசி கெடாது. சூடாகக் குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். சளி பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கான பவுடரில் புரதம் மட்டும்தான் மிகுதி. நோயாளிக்குக் கலோரியும் வேண்டும். பிள்ளைகள் குடிக்கும் மால்ட் பானங்களில் சர்க்கரைதான் முன்னே நிற்கும். ஊட்டக்குறை உள்ள முதியவருக்கு, சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும், குறைந்தது ஒரு மாதம் கொடுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்.

காசு இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு டம்ளர் பால், இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலைப் பொடி, கொஞ்சம் வெல்லம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இப்படி இரண்டு டம்ளரை நாள் முழுவதும் பிரித்துக் கொடுத்தாலே அந்த அளவு எட்டிவிடும். வடித்த நீர்க்கஞ்சியை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். அதில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

எனக்குக் கவலை வேறு. நீங்கள் சொன்ன உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண், 15.6 வருகிறது. 18.5-க்குக் கீழே என்றாலே ஊட்டக்குறை; 16-க்குக் கீழே கடுமையானது. நாள்கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாமல் இருந்தவருக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் என்ற உப்புச் சத்துகள் சரிந்து இதயத்தையே பாதிக்கும். எத்தனை நாளாக இப்படிச் சாப்பிடுகிறார்? கால் வீக்கம் உண்டா?

மேலூர் மகள்

இரண்டு மூன்று வாரமாகவே இப்படித்தான். இரண்டு பாதங்களும் வீங்கியிருக்கின்றன. அழுத்தினால் குழி விழுகிறது. நடக்காமல் படுத்தே இருப்பதால் என்று நினைத்தோம்.

பதில்: காசநோய்க் களப்பணியாளர்

சகோதரி, இன்றே கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், பிஎம்ஐ 14-ஐத் தாண்டாதவர்களையும், 16-ஐத் தாண்டாமல் இரு கால்களும் வீங்கியவர்களையும் கடுமையான நோயாளிகள் என்று வகைப்படுத்தி, மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலும் அப்படியே. உங்கள் அப்பா இரண்டாவது வகையில் வருகிறார். மாத்திரை கொடுக்கும் இடத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். வெளிநோயாளி வரிசையில் காத்திருக்க வேண்டாம்.

எடை ஏறுவது உயிர் சார்ந்த விஷயம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கு அது 2 கிலோ.

சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய், காசநோயாளிகளுக்கான மத்திய அரசின் நிக்ஷய் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கே வரும். கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: உணவியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள்

அவர் சொல்வதே சரி. நான் எழுதிய பால் கணக்கு வீடு திரும்பிய பிறகு. சேர்க்கும்போது, எத்தனை நாளாகச் சாப்பாடு குறைந்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். உணவைக் கூட்டுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டுமா, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். மாத்திரை அட்டையையும் பவுடர் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மேலூர் மகள்

தம்பி ஆட்டோ அழைக்கப் போயிருக்கிறான். சேர்த்ததும் எழுதுகிறேன்.