தொட்டிக் கரையில் கல்வாழை வைத்தவர்கள் சொல்லுங்கள்

கோண்டாவில்காரன்:
கல்வாழை எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணத்தடிக்குப் பக்கத்தில் எட்டடிக்கு ஐந்தடி, முழங்கால் ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, அல்லியும் கப்பி மீனும் விட்டேன். கரையோரப் படியில் சிவப்புக் கல்வாழை ஒரு சாடி. கிழங்குக்கு மேல் மூன்று விரற்கடை தண்ணீர். அம்மா பார்த்துவிட்டு, "கிணத்தடி வாய்க்காலுக்குள்ள சும்மா முளைக்கிறதைக் காசு குடுத்தோ வாங்கினனீ?" என்று கேட்டார்.

பூத்தது, பொய் சொல்லக்கூடாது. பங்குனி தொடங்கி ஆடி வரை ஓயவில்லை. ஆனால் வைகாசியில் இருந்து தொட்டித் தண்ணீர் குறையத் தொடங்கியது. சோளகக் காற்றும் (தென்மேற்குக் காற்று) வெயிலும் குடிக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டர் போட்டு நிரப்பினேன். கோடையில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருக்கும் சவர், அதாவது உப்புத் தண்ணீர், மேலே ஏறும் என்று தெரிந்தும்தான்.

ஆவணியில் கிழங்கைப் பிரித்து நடலாம் என்று சாடியைத் தூக்கினால் அசையவில்லை. மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "களக்" என்று ஒரு சத்தம். சாடித் துளையால் வெளியே வந்த வேர், படியில் இருந்த மெல்லிய வெடிப்புக்குள் இறங்கிக் கயிறு போலத் தடித்திருக்கிறது. அதைப் பிடுங்கியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு அந்த ஓட்டைக்குள் இறங்கியது, கப்பிகள் பின்னாலேயே இழுபட்டுப் போயின. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மூன்று மாதம் நான் இறைத்தது பக்கத்து வளவு வாழைக்கு! யாருக்காவது இப்படி நடந்ததா?

உரும்பிராய் அக்கா:
எனக்கு வேரால் தொல்லை இல்லை, இலையால்தான். புதுத் தொட்டி என்பதால் சீமெந்துக் காரம் போக வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஒரு கிழமை ஊறவிட்டு, இரண்டு தரம் தண்ணீர் மாற்றித்தான் நட்டேன். அப்படியும் மூன்றாம் கிழமை புது இலை எல்லாம் எலுமிச்சை நிறத்தில் வந்தது, நரம்பு மட்டும் பச்சை. வந்தவர் போனவர் எல்லாம் "தண்ணி கூடிப்போச்சு" என்றார்கள். தண்ணீருக்குள் நிற்கிற கன்றுக்குத் தண்ணீர் கூடிப்போச்சாம்!

பழைய இலை பச்சையாக இருக்க, புது இலை மட்டும் நரம்பிடையில் வெளுத்தால் பெரும்பாலும் இரும்புக் குறைதான். நம் செம்பாட்டு மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, அந்தச் சிவப்பே அதனால் வந்ததுதான். ஆனால் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டியது. கேத்தலுக்கு அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரில் நிற்கும் வேரால் இரும்பை எடுக்க முடியாது. ஐப்பசி மழை தொடங்கியதும் கூரைத் தண்ணீரைப் பீலி வழியாகத் தொட்டிக்குத் திருப்பினேன். கார்த்திகையில் ஒரு காலை, சுருட்டி வைத்த பாய் போல ஒரு குருத்து நின்றது, கரும்பச்சை. குடையும் இல்லாமல் மழைக்குள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனியில் திரும்பவும் கிணற்றுத் தண்ணீர், திரும்பவும் வெளுப்பு. அதைப் பேசிப் பயனில்லை.

நல்லூர்:
கோண்டாவில் தம்பி கல்வாழையில் பழி போடக்கூடாது. வெடிப்பு முதலே இருந்திருக்கிறது, வேர் ஈரத்தைத் தேடிப் போயிருக்கிறது. அடைப்பாக இருந்ததே அந்த வேர்தான், நீங்கள்தான் பிடுங்கினீர்கள்.

என் கதை சின்னது. டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். தொட்டியைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று எனக்கு நெஞ்சிடி. டோர்ச் அடித்தார், கப்பி ஓடியது, சரி என்றார். திரும்பும்போது, கரையில் தண்ணீருக்கு வெளியே வைத்திருந்த கல்வாழைச் சாடியைக் குனிந்து பார்த்தார். அடித்தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர், அதற்குள் நுளம்புப் புழு நெளிகிறது. அவர் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் என்று தொடங்க, மனைவி ஓடிவந்து தட்டைக் கவிழ்த்துவிட்டார். எச்சரிக்கையோடு போனது, ஆனால் அவர் குனிந்த அந்தக் கணம் எனக்கு மறக்காது.

இனி நடுகிறவர்கள் கேளுங்கள். துளையுள்ள சாடி வேண்டாம், அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். செம்பாட்டு மண்ணை மட்டும் நிரப்புங்கள். பச்சைச் சாணி போட்டால் ஒரு கிழமையில் தண்ணீர் பச்சையாகிவிடும். மீன் மண்ணைக் கிளறாமல் இருக்க மேலே சல்லிக்கல் பரப்புங்கள். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, இரக்கம் பார்க்காமல் அடியோடு வெட்டுங்கள், பக்கத்துக் கன்று எழும்பும். உயரமான இனத்தைச் சோளகம் சரித்துவிடும், பேசினுக்குள் இரண்டு கல் வையுங்கள். விதையில் முளைக்க வைப்பதென்றால், அந்தக் கறுப்பு உருண்டையைக் கல்லில் தேய்த்துத் தோலை உடைத்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். அப்புறம், பூ நீலமாக அழகாக இருக்கிறது என்று யாரும் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விடாதீர்கள். அதை அடக்க 1909இலேயே கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது. மாரியில் தொட்டி வழிந்தால் வாய்க்காலால் ஊர்க் குளத்துக்குப் போய்ச் சேரும்.

கோண்டாவில்காரன்:
அண்ணை, நடந்ததா என்றுதான் கேட்டேன், நடுவது எப்படி என்று கேட்கவில்லை. ஆனால் பேசின் யோசனை நல்லது.

வேலணை:
உங்களுக்கெல்லாம் நல்ல தண்ணீர் இருக்கிறது, அதனால் சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் கிணறு சவர். உரும்பிராய் அக்கா சொன்ன வெளுப்பு இல்லை, இலை ஓரம் தீய்ந்த அப்பம் போலக் கருகும். ஒரே ஒரு தண்டுதான் பூத்தது. பூ உதிர்ந்த பிறகு அதை வெட்டலாம் என்று விடிய ஐந்தரைக்குக் கத்தியோடு போனேன்.

தண்டில் மண் நிறத்தில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடக் கையை நீட்டும்போது அதன் முதுகு பிளந்திருப்பதைக் கண்டேன். உள்ளிருந்து ஒரு தும்பி, வெளிறிப்போய்த் தலைகீழாகத் தொங்குகிறது. சிறகு நனைந்த கடதாசி மாதிரி மடிந்து கிடந்தது, பார்க்கப் பார்க்க நீண்டது. தேத்தண்ணி ஆறிவிட்டது, அம்மா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார், நான் அசையவில்லை. வெயில் ஏறியதும் அது ஒருமுறை நடுங்கிவிட்டு எழும்பிப் போனது. குஞ்சாக இருந்த அவ்வளவு காலமும் அது என் தொட்டிக்குள் நுளம்புப் புழு தின்றுகொண்டிருந்திருக்கிறது, நல்லூர் அண்ணை அந்தப் பரிசோதகருக்குச் சொல்லலாம்.

அந்தக் கோடையிலேயே கன்று செத்துவிட்டது. காய்ந்த தண்டை இன்னும் வெட்டவில்லை. கூடு அதில் இருக்கிறது.

கோண்டாவில்காரன்:
கல்வாழையை இப்போது கிணத்தடி வாய்க்காலில் நட்டிருக்கிறேன். தொட்டியில் நின்றதைவிட நன்றாகப் பூக்கிறது, அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. வெடிப்புக்குச் சீமெந்துப் பால் இரண்டு தரம் பூசியாயிற்று. தொட்டி இன்னும் கசிகிறது. நல்லூர் அண்ணை, இதை மட்டும் நான் கேட்கிறேன்: வேறு என்ன பூசலாம்?