பிரெஞ்சு அடையாள அட்டை போதுமா, பாஸ்போர்ட்டும் வேண்டுமா?

லாச்சப்பல்காரன்:
ஜேர்மனியில், டோர்ட்முண்டில் கல்யாணம். பாரிஸிலிருந்து பஸ்ஸில் போகிறோம். என் பிரெஞ்சு பாஸ்போர்ட் முடிந்துவிட்டது, புதிதாக எடுக்க 86 யூரோ. அடையாள அட்டையோடு போவேன் என்றால் வீட்டில் சண்டை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனுக்கு இரண்டில் ஒன்று போதும் என்று ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பிறகு எதற்கு வீண் செலவு?

ரைன்கரை:
அண்ணை, அட்டையில் எந்தத் தேதியோடு முடிகிறது என்று அடித்திருக்கிறது?

லாச்சப்பல்காரன்:
2023 மார்ச். ஆனால் 2028 வரை செல்லும்.

ரைன்கரை:
அதுதானே கேட்டேன். 2004 முதல் 2013 வரை பெரியவர்களுக்குக் கொடுத்த அட்டைகளை 10 வருடத்திலிருந்து 15 ஆக நீட்டியது பிரான்ஸ். அட்டையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இதைச் சில நாடுகள் ஏற்பதில்லை. ஜேர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. எல்லை நகரமான ஆகன் பக்கம் நடுச்சாமத்தில் பொலிஸ் பஸ்ஸுக்குள் ஏறி டோர்ச் அடித்தால், பாரிஸில் எடுத்த முடிவை எந்த மொழியில் விளங்கப்படுத்துவீர்கள்?

லாச்சப்பல்காரன்:
1995இல் ஷெங்கன் ஒப்பந்த நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையைத் தூக்கியதே இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான். கையில் ஒன்றுமே இல்லாமல் நின்றாலும், தான் யார் என்று நிரூபிக்க நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

ரைன்கரை:
அவகாசம் உங்களுக்குத் தருவார்கள். பஸ் நிற்காது.

சூரிச் அக்கா:
இரண்டு பேரும் குடியுரிமை எடுத்தவர்கள், அதனால் இப்படி வாதாடலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவர்களுக்கு வதிவிட அட்டை மட்டும் காணாது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். தம்பி, உங்கள் அம்மாவும் வருகிறாவா? அவவுடையதை முதலில் பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லண்டன் கதையே வேறு: 2021 அக்டோபர் 1இலிருந்து, அங்கே வதிவிட உரிமை உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர, எங்கள் அட்டைகளை அவர்கள் எடுப்பதில்லை.

லாச்சப்பல்காரன்:
லண்டன் போகவில்லை அக்கா. அம்மாவின் இரண்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு 86 யூரோ கட்ட மாட்டேன், அதில் மாற்றமில்லை. அட்டையை மட்டும் மாற்றப்போகிறேன். செல்லுபடியான பாஸ்போர்ட் இல்லாதவர் பயணச் சான்று காட்டினால் புது அட்டை தருவார்கள், பழையதைக் கொடுத்தால் காசும் இல்லை.

ரைன்கரை:
மேரியில் (நகரசபையில்) ரொந்தேவூ, அதுதான் சந்திப்பு நேரம், கிடைத்துவிட்டதா? கல்யாணம் எப்போது?