அம்மாவுக்கு ஒரு வகுப்பு தேடுகிறேன்

நியூ ஜெர்சி நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. நியூயார்க் மெட் மியூசியத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் அந்தப் பெரிய ஓவியத்தை விட்டு நகரவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஆத்தைக் கடந்தது 1776. நட்சத்திரக் கொடி வந்ததே 1777-லதானேடி? 1851-ல வரைஞ்சவர் அதை ஏன் வச்சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஓவிய வரலாறும் அமெரிக்க அரசியல் வரலாறும் முறையாகப் படிக்க ஆசைப்படுகிறார். எடிசன் ஊர்ப் பக்கம், பகலில், தேர்வு இல்லாத வகுப்பு ஏதாவது இருக்கிறதா? பல்கலைக்கழகங்களில் 50 வயது தாண்டியவர்களுக்கு நடக்கும் ஓஷர் வகுப்புகளில் யாராவது பெற்றோரைச் சேர்த்திருக்கிறீர்களா? அம்மா கார் ஓட்டமாட்டார். பஸ் போகிற இடமாக இருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.