கனடாவில், ஒன்ராறியோவில் பின்வளவில் ஷெட் போட்டவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

கமலி:
2021 கோடை, 10க்கு 12 அடி. பெர்மிட் எடுக்கவில்லை. தெருவில் எல்லாரும் "ஷெட் தானே, ஒருத்தரும் கேட்கமாட்டினம்" என்றார்கள். ஆகஸ்டில் சிட்டி அதிகாரி வந்தார். டேப்பின் ஒரு முனையை என் மகனிடம் பிடிக்கக் கொடுத்தார். பத்து வயது. நாங்கள் ஏதோ களவு செய்து பிடிபட்டது போல முகம் வெளிறி நின்றான். 11 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்போது பெர்மிட் இல்லாமல் 10 வரைக்கும் தான் போடலாம். கழற்றினோம். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சிவா:
அக்கா, அடுத்த வருடமே ஒன்ராறியோவில் 15 சதுர மீட்டர் ஆக்கிவிட்டார்கள். ஒரு தட்டு, சாமான் வைக்க மட்டும், வேறு கட்டடத்தோடு ஒட்டக்கூடாது, தண்ணீர்க் குழாய் கூடாது. அவ்வளவுதான். நான் போன வருடம் போட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லை. வீணாகப் பயப்படாதீர்கள்.

வளவுக்காரன்:
சிவா, "அவ்வளவுதான்" இல்லை. பெர்மிட் வேண்டாம் என்றாலும் சோனிங், சிட்டியின் காணி விதி, இருக்கிறது: வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம், வளவில் எத்தனை வீதத்தில் கட்டலாம். என்னுடையது 10க்கு 10 தான், பெர்மிட்டே தேவையில்லை. வேலியோரம் மழைநீர் ஓடுவதற்கு விட்ட பள்ளத்தின் மேல் வைத்துவிட்டேன். முதல் பெருமழைக்குப் பக்கத்து வீட்டு அம்மம்மா பேஸ்மென்டிலிருந்து நனைந்த அரிசிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையே ஷெட்டை நகர்த்தினேன்.

மாலா:
எனக்கு வேலித் தூரம் 20 சென்டிமீட்டர் குறைந்தது. விதிவிலக்குக் கேட்டுச் சிட்டியின் குழுவுக்கு முன் போய் நின்றேன், கிடைத்தது. ஆனால் இனிக் கட்டுகிறவர்கள் கேளுங்கள். காணி சர்வேயை முதலில் எடுங்கள், வேலியை நம்பாதீர்கள், அது எல்லையில் தான் நிற்கிறது என்று சொல்ல முடியாது. தூரமும் உயரமும் ஊருக்கு ஊர் வேறு. மார்க்கம் நகரில் இருக்கும் மச்சான் சொன்ன அளவை ஏஜாக்ஸ் நகரில் போடாதீர்கள். சிட்டிக்கு எழுதிக் கேளுங்கள், பதிலை வைத்திருங்கள். கிடங்கு வெட்டுவதென்றால் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவையில் பதியுங்கள், இலவசம், காஸ் குழாய் எங்கே என்று வந்து குறித்துவிட்டுப் போவார்கள். தூண் நாலு தானே என்று விடாதீர்கள். அயலவரிடமும் முதலே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கமலி:
மாலா, நன்றி. இந்த முறை 10க்கு 16 அடி போடுகிறோம், 15 சதுர மீட்டருக்குள் வரும். டேப்பை மகன் தான் பிடித்தான், இரண்டு தரம் அளந்தான்.