கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸ்ல ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்க

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
ஒழலப்பதி தம்பி நேத்து போட்ட பதிவைப் பாத்துட்டுத்தான் இந்தத் திரியைத் தொடங்கறேன். படிக்காதவங்களுக்காகச் சுருக்கமா: "விண்டோஸ் 10 கதை முடிஞ்சது, 11 உங்க பழைய சிஸ்டத்துல ஏறாது, இன்னும் விண்டோஸையே கட்டிக்கிட்டு அழறது பிராண்டு அடிமைத்தனம். ஜெராக்ஸ் கடைக்காரங்க எல்லாரும் விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட் போடுங்க, எந்தப் பிரிண்டரும் சொருகினதும் ஓடும்"னு எழுதியிருக்காப்ல. பாலக்காட்டு எல்லையில வேலந்தாவளத்துல இருந்து மீனாட்சிபுரம் வரைக்கும் கடைகள்ல மேசை மேல என்ன உக்காந்திருக்குன்னு தம்பி பாத்திருக்காரா? கேனன் எல்பிபி 2900, இல்லீன்னா ஹெச்பி 1020. கடைக்காரனை அடிமைங்கறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேணும். 2900 லினக்ஸ்ல ஓடுமா, ஓடாதா?

ஒழலப்பதி லினக்ஸ்:
ஓடும். கேனனே லினக்ஸுக்கு கேப்ட் (கேனனோட சொந்த அச்சு முறை) டிரைவர் 2.71 குடுத்திருக்கு. இனி நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு. 11-க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல்னா 8-ம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். கடைகள்ல இருக்கறது பாதிக்கு மேல நாலாம் தலைமுறை ஐ3. அதைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றீங்களா? அதே பெட்டியில 4 ஜிபி ரேமும் 120 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தா மின்ட்டோட எடை குறைஞ்ச எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லா ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. காசு பத்து பைசா கிடையாது.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
நான் கேட்டது 2900. நீங்க டிபிஎம் கதை சொல்றீங்க. டிரைவர் குடுத்திருக்குன்னா ஓடும்னு அர்த்தமாயிடுமா? அந்தப் பிரிண்டருக்குப் பொதுவான பிரிண்டர் மொழிகளான பிசிஎல்லும் தெரியாது, போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் தெரியாது. பக்கத்தை முழுசாப் படமாக்கி, சுருக்கி, கேப்ட் முறையில அனுப்பற வேலை எல்லாம் கம்ப்யூட்டர் தலையில. பிரிண்டருக்குள்ள இருக்கறது வெறும் 2 எம்பி மெமரி. டிரைவர் சரியில்லீன்னா அது கல்லு மாதிரி உக்காந்திருக்கும். அதனாலதான் மறுபடி மறுபடி கேக்கறேன்.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
ரெண்டு பேரும் பாதி பாதி சொல்றீங்க. 2.71 டிரைவர் 64 பிட் மின்ட்லயும் ஏறும். ஆனா உள்ள இருக்கற சில நிரல்கள் 32 பிட். அதனால முதல்ல ஐ386ங்கற 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, லிப்சி, லிப்பாப்ட், லிப்எக்ஸ்எம்எல்2, லிப்எஸ்டிடிசி++ நாலு லைப்ரரிக்கும் 32 பிட் பதிப்பு போடணும். அப்புறம் காமன் பொதி, அதுக்கப்புறம் கேப்ட் பொதி. வரிசை மாறக்கூடாது. லினக்ஸோட அச்சுச் சேவையான கப்ஸ்ல பிரிண்டரைச் சேர்க்கறப்ப முகவரி யூஎஸ்பி இல்லை, சிசிபி, லோக்கல்ஹோஸ்ட், 59687-ம் போர்ட். பிறகு சிசிபிடி (பின்னணியில ஓடற கேனன் நிரல், அதாவது டீமன்) அட்மின்ல அந்தப் பேரை, பிரிண்டரோட சாதனப் பேரான யூஎஸ்பி எல்பி0-ஓட கட்டணும். கடைசியா சிசிபிடி ஸ்டேட்டஸ் பாருங்க. ரெண்டு எண் வந்தா இணைஞ்சிருச்சு. ஒரே எண் வந்தா டீமன் மட்டும் எழுந்திருக்கு, பிரிண்டரைப் பிடிக்கலை. பல பேர் இந்த ஒரு எண்ணைப் பாத்துட்டு ஓடுதுன்னு நினைச்சு, பிரிண்ட் வராம கேபிளை மாத்தி மாத்திச் சொருகிட்டு இருப்பாங்க.

உபுண்டு, மின்ட்ல இன்னொரு தொல்லை, ஆப்ஆர்மர்ங்கற பாதுகாப்புக் காவல். கப்ஸை அது தடுத்தா வேலை வரிசையில நிக்கும், தாள் நகராது. கப்ஸோட டீமனான கப்ஸ்டியை, தடுக்காம குறிச்சு மட்டும் வைக்கற கம்ப்ளைன் நிலைக்கு மாத்தினாச் சரியாகும்.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
பாத்தீங்களா? ஹால்டிக்கெட் எடுக்க வந்து நிக்கற புள்ளைகிட்ட "இரு சாமி, ஆப்ஆர்மரை மாத்திட்டு வர்றேன்"னு சொல்லச் சொல்றீங்களா? ரெண்டு எண்ணு, ஒரு எண்ணு, 59687. இதுக்குப் பேரு சொருகினதும் ஓடறதா?

ஒழலப்பதி லினக்ஸ்:
ஒரு தடவை பண்ற வேலையை தினம் பண்ற மாதிரி பேசறீங்க அண்ணா. விண்டோஸ் மட்டும் யோக்கியமா? 2900-ஐ வேற யூஎஸ்பி ஓட்டையில மாத்திச் சொருகிப் பாருங்க. "காப்பி 1"னு இன்னொரு பிரிண்டர் முளைக்கும். டிஃபால்ட் பழசுலயே இருக்கும். வேலை பூரா அங்க போய்ச் செத்துக் கிடக்கும். அப்புறம் பிரிண்ட் வேலையை வரிசையில வைக்கற ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள்ள ஸ்பூல், பிரிண்டர்ஸ் கோப்புறையைத் துடைச்சு, திரும்ப ஓட வைக்கணும். அதையெல்லாம் பழகிட்டீங்க, அதான் தொல்லையாத் தெரியலை. இதைத்தான் நான் அடிமைத்தனம்னு சொன்னேன்.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
காப்பி 1 வந்தா வலது கிளிக் பண்ணி டிஃபால்ட் ஆக்கினா முடிஞ்சது. கடையில வேலை பாக்கற பொண்ணுக்கே தெரியும். உங்க சிசிபிடி யாருக்குத் தெரியும்?

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
ஒரு தடவை பண்ற வேலைன்னு தம்பி சொல்றது முழுசாச் சரியில்லை. சிஸ்டம் ஏறின பிறகு பிரிண்டர் சுவிட்ச் போட்டா சிசிபிடி அதைக் கவனிக்காது, டீமனைத் திரும்ப எழுப்பணும். கரண்ட் போய் வந்தாலும் இதே கதைதான். சில சமயம் எல்பி0 எல்பி1 ஆயிடும். இதுக்கு, சொருகற சாதனங்களைக் கவனிக்கற யூடெவ்ல ஒரு விதி எழுதணும். கேனனோட யூஎஸ்பி அடையாள எண்ணை வச்சு ஒரு நிலையான பேரை உண்டாக்கி, சிசிபிடியை அந்தப் பேரோட கட்டிட்டு, பிரிண்டர் கண்ணுல பட்டதும் டீமன் தானா எழற மாதிரி அதே விதியில சேர்த்துடணும். அதைச் சரியாப் பண்ணினா கடைக்காரர் கை வைக்க வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
ஒரு கேனன் பிரிண்டரைப் பிடிச்சுக்கிட்டு ஏன் இந்தச் சண்டை? கேரளத்துல 2001-ல ஐடி அட் ஸ்கூல்ங்கற பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கி, 2017-ல அதுவே கைட் ஆச்சு. பள்ளிகள்ல ஓடறது உபுண்டுவை வச்சு கைட் செஞ்ச லினக்ஸ். பத்தாம் கிளாஸ் ஐசிடி (கணினிப் பாடம்) தேர்வே அதுலதான். தமிழ் மீடியம் புள்ளைகளுக்குத் தமிழ்லயே பாடப் புத்தகம் இருக்கு. நம்ம சித்தூர் தாலுகா புள்ளைக இங்க்ஸ்கேப்ல படம் வரையுது. பிராண்டு இல்லாம ஒரு மாநிலமே நடத்திக் காட்டியிருக்கு.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
மாஷே, பள்ளிக்கூடத்துல புள்ளைக படம் வரையறதுக்கும் கடையில பட்டா நகல் எடுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. உங்க லேப்ல 2900 இருக்கா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
லேப்ல என்ன பிரிண்டர் இருக்குங்கறது இங்க விஷயமே இல்லை.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
அதுதான் விஷயமே.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
மாஷ், கேரளா கேரளான்னு பெருமை அடிக்க வேண்டாம். 2011-ல தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துலயே தமிழ்நாட்டுல விண்டோஸோட பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் குடுத்தாங்க. மத்திய அரசோட சென்னை சி-டாக் செஞ்சது, டெபியன்ங்கற லினக்ஸை அடியா வச்சது. எங்களுக்கும் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
குடுத்தீங்க, யாரு திறந்தா? கைக்கு வந்ததும் பாஸை அழிச்சுட்டு விண்டோஸ் 7-ஐ முழு டிஸ்க்குக்கும் விரிச்சதுதானே நடந்தது? பாடத்திட்டத்துல வைக்காம டிஸ்க்குல மட்டும் வச்சா அப்படித்தான் ஆகும்.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
பாலக்காட்டுல ஐசிடி தேர்வு எழுதின புள்ளைக காலேஜ் போனதும் எதை வாங்குது? விண்டோஸ் லேப்டாப். அதையும் சொல்லுங்க.

சித்தூர் அக்கவுண்ட்ஸ்:
நீங்க மாநிலச் சண்டை போடுங்க. எனக்குக் கணக்கு மென்பொருள் டேலி ஓடணும். டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ்ல ஓட்டற ஒயின்ல போட்டா திறக்கும்னு சொல்றவங்க, லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகாம நின்னா கணக்கு முடிக்கிற வாரத்துல வந்து உக்காருவாங்களா?

ஒழலப்பதி லினக்ஸ்:
அக்கா, டேலி ஓடற ஒரு சிஸ்டத்துல விண்டோஸ் இருக்கட்டும். நான் ஜெராக்ஸ் கடையைப் பத்திப் பேசறேன்.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
இப்ப பாருங்க, "எல்லாரும்"னு தொடங்கி டேலிக்கு விலக்கு குடுத்தாச்சு. 2900-க்கும் விலக்கு குடுத்துட்டா பேச்சு முடிஞ்சது.

மீனாட்சிபுரம் மேக்:
ரெண்டு பக்கமும் வீண் சண்டை. ஏர்பிரிண்ட் வர்ற பிரிண்டர் வாங்குங்க. மேக், போன், லினக்ஸ் எல்லாத்துலயும் டிரைவர் இல்லாமலே ஓடும். கேப்ட் மாதிரி பழைய முறையை இன்னும் சுமக்கறதுதான் தப்பு. மைக்ரோசாஃப்ட்டே 2023-ல அறிவிச்சிருச்சு, மத்த நிறுவனங்களோட பிரிண்டர் டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியாத் தர்றதைப் படிப்படியா நிறுத்தறோம்னு. 2027-க்கு அப்புறம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் அந்த வழியில வரும்.

ஒழலப்பதி லினக்ஸ்:
கேட்டுக்கங்க கோபாலபுரம் அண்ணா! உங்க விண்டோஸே கைவிடப் போகுது.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
அப்டேட் வழியா வராது, அவ்வளவுதான். கேனன் பக்கத்துல இருந்து இறக்கின இன்ஸ்டாலர் எப்பவும் போல ஓடும். ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சுக்குவேன். அறிவிப்பை முழுசாப் படிச்சுட்டு வாங்க. மேக் அண்ணாவுக்கு: இன்டெல் மேக்குக்கு மேக்ஓஎஸ் 26-தான் கடைசின்னு ஆப்பிளே சொல்லியாச்சு. உங்க பக்கம் மட்டும் என்ன வாழுது? ஓடற பிரிண்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமா?

மீனாட்சிபுரம் மேக்:
வாங்க வசதியில்லாதவங்க வாங்க வேண்டாம். அதுக்காக இளக்காரமாப் பேசாதீங்க.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
வசதிப் பேச்சை எடுத்தது நீங்க. அப்புறம் இன்னொண்ணு, எழுத்துரு. கடையில இருக்கற பத்திரிகை, நோட்டீசு பூரா பாமினியில அடிச்ச பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு. மின்ட்ல பேஜ்மேக்கர் எங்க இருக்கு?

ஒழலப்பதி லினக்ஸ்:
பாமினி வெறும் ஆஸ்கி எழுத்துரு, ஆங்கில எழுத்து இடத்துல தமிழ் உருவத்தை வச்சது. ஃபாண்ட்ஸ் கோப்புறையில போட்டா லிப்ரே ஆபீஸ்ல அப்படியே அடிக்கலாம், தனி மென்பொருளே வேண்டாம். பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும்.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
திறக்கும், ஆனா வரி உடையற இடம் மாறும். கல்யாணப் பத்திரிகையை அதுல திறந்து அப்படியே பிரிண்ட் குடுத்தா கெட்டது கதை, ஒவ்வொரு வரியையும் திரும்பச் சரி பார்க்கணும். பாமினி அடிக்கிறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். வாக்கியத்தோட முதல் எழுத்தைப் பெருசாக்கற ஆட்டோ கரெக்ட்டை நிறுத்தாம அடிச்சா "அம்மா"ன்னு தொடங்கற வரி "ஆம்மா" ஆயிடும். ஏன்னா பாமினியில அகரம் இருக்கற சாவியிலயே ஷிஃப்ட்ல ஆகாரம். லிப்ரே ஆபீஸ்லயும் வேர்ட்லயும் இதே தொல்லைதான். ஆட்டோ கரெக்ட் விருப்பங்கள்ல முதல் எழுத்து, ரெண்டு பெரிய எழுத்து, ரெண்டு டிக்கையும் எடுத்துடுங்க.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
ஆக, வரி உடையும்னு ஒத்துக்கிட்டீங்க.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
நான் ஒத்துக்கலை அண்ணா, இருக்கறதைச் சொன்னேன். பழைய பெட்டியை விட மனசில்லாதவங்களுக்கு ரூஃபஸ்ங்கற பென்டிரைவ் தயாரிக்கற மென்பொருள்ல டிபிஎம் சோதனையை நீக்கின பென்டிரைவ் போட்டும் 11 ஏத்தலாம். நாலாம் தலைமுறை ஐ3-ல ஏறும். கோர் 2 டியோவுல 11-ஓட 24எச்2 பதிப்பு ஏறாது, அதுக்கு வேண்டிய எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் அந்தச் சிப்புல இல்லை. ஆனா அடுத்த பெரிய அப்டேட் தானா வராது, கையாலதான் ஏத்தணும். அவசரமில்லாதவங்க விண்டோஸ் 10-லயே பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். ஹெச்பி 1020 வச்சிருக்கறவங்க லினக்ஸ் போட்டா, ஹெச்பியோட லினக்ஸ் டிரைவரான ஹெச்ப்ளிப்போட பிளக்இன்னும் போடணும், ரெண்டுக்கும் பதிப்பு எண் ஒண்ணா இருக்கணும். அந்தப் பிரிண்டர் ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடறப்பவும் ஃபர்ம்வேரை (பிரிண்டரோட உள் நிரலை) கம்ப்யூட்டர்கிட்ட இருந்து வாங்கற ரகம். அப்டேட்ல ஹெச்ப்ளிப் மட்டும் மாறி பிளக்இன் பழசா நின்னா மூச்சு காட்டாது.

ஒழலப்பதி லினக்ஸ்:
சர்வீஸ் அண்ணா, ரூஃபஸ் வழி காட்டிக் குடுத்து மறுபடி அதே பிராண்டுகிட்டயே கொண்டுபோய் விடறீங்க. 2900-க்கு கேனன் டிரைவரே வேண்டாம், திறந்த மூல கேப்ட்டிரைவர் இருக்கு. மூல நிரலைத் தொகுத்து (கம்பைல் பண்ணி) போட்டா ஆர்ம் சிப் இருக்கற ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்லகூட ஓடும். கேனன் டிரைவர் ஆர்ம் சிப்புல ஓடாது.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
தொகுத்துப் போடணுமாம்! கடைக்காரன் இனி கம்பைலர் படிக்கணும். தாள் தீர்ந்து நடுவுல நின்னா அந்த டிரைவர் என்ன பண்ணும்? அதையும் சொல்லுங்க.

ஒழலப்பதி லினக்ஸ்:
தாளைப் போட்டுட்டுத் திரும்ப அனுப்புங்க. எதைச் சொன்னாலும் குறை.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
நாப்பது பக்க புராஜெக்ட்டுல பதினெட்டாவது பக்கத்துல நின்னா திரும்ப அனுப்பற டோனர் காசை யாரு தர்றது? 303 கார்ட்ரிட்ஜ் ஒண்ணுக்கு 2000 பக்கம்தான் வரும்.

மீனாட்சிபுரம் மேக்:
303 எதுக்கு, ஹெச்பி 12ஏ போடுங்க. விலை குறைவு.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
ரெண்டும் ஒரே உருவம்தான், கடையில "12ஏ/303"னு ஒரே டப்பாவுல வருது. ரீஃபில் பண்றப்ப வேஸ்ட் டோனர் அறையைக் காலி பண்ணாம மேல மேல நிரப்பறதாலதான் தாள் ஓரத்துல கறுப்புக் கோடு விழுது. அதுக்கும் ஓஎஸ்ஸைத் திட்டாதீங்க.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
கறுப்புக் கோட்டுக்கு யாரும் ஓஎஸ்ஸைத் திட்டலை. கார்ட்ரிட்ஜுக்குள்ள டிரம்மைத் துடைக்கற வைப்பர் பிளேடு தேஞ்சாலும் கோடு விழும், வேஸ்ட் அறை மட்டும் காரணமில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பொள்ளாச்சி சிஸ்டம் சர்வீஸ்:
பிளேடு தேஞ்சா கோடு நேரா, தாள் நீளத்துக்கு வரும். வேஸ்ட் நிறைஞ்சா பொடி கொட்டும். ரெண்டும் வேற.

கோபாலபுரம் ஜெராக்ஸ்:
நீங்கதான் இப்ப ரெண்டையும் ஒண்ணாச் சொன்னீங்க. மேல போய்ப் படிங்க.