12 வருடம் கழித்துக் கணக்கு வேலைக்குத் திரும்ப வழி சொல்லுங்கள்

தோழிகளே, வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். பி.காம். முடித்து மண்ணடியில் ஓர் ஆடிட்டரிடம் ஏழு வருடம் வேலை பார்த்தேன். 2014-இல் இரண்டாவது பிரசவம். அடுத்து மாமியார் படுக்கையில் விழுந்தார்கள். கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. சின்னவள் இப்போது ஆறாம் வகுப்பு.

நான் வேலையை விட்டு வந்தபோது இருந்தவை வாட் என்ற மதிப்புக் கூட்டு வரியும் சேவை வரியும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. நான் பழகிய கணக்கு மென்பொருள் டேலி ஈஆர்பி 9 போய், டேலி பிரைம் வந்திருக்கிறது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவம் என்பதெல்லாம் படித்துக்கொண்டேன். ஆனால் கொள்முதல் பில்களை, விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யோடு ஒப்பிட்டு, உள்ளீட்டு வரியை (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரியை) கழிப்பதை, ஓர் உண்மையான கடைக் கணக்கில் செய்து பார்த்தால்தான் கை பழகும்.

போன வாரம் நேர்காணலில், "இத்தனை வருடம் வீட்டில் சும்மாதானே இருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்தது சும்மா இருந்ததா? அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பாரிமுனைப் பக்கம் பகல் நேரத்தில் ஜிஎஸ்டி பயிற்சி தரும் நல்ல இடம் உண்டா? குறைந்த சம்பளத்தில் மூன்று மாதம் சேர்த்துக்கொள்ளும் ஆடிட்டர் யாரையாவது தெரியுமா? மெட்ரோ வாசலருகே இருப்பதால் உயர் நீதிமன்றம் வரை சிரமமில்லாமல் வந்துவிடுவேன். பயோடேட்டாவில் இந்த இடைவெளியை எப்படி எழுதினீர்கள் என்று, திரும்பிச் சேர்ந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.